நடுவில் விழுந்த பந்து

பாலிடெக்னிக் முடித்த பிறகு எதையும் பட்டியலாகவே யோசிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எங்கள் த்ரோபால் குழு போனபோது எனக்கு வேண்டியிருந்தவை இவை: பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, பக்கத்தில் தோழி, வீட்டு வேலை இல்லாத ஒரு முழுப் பகல். பந்து பட்டியலில் இல்லை.

பி.டி. டீச்சர் வருவது போதாதென்று அப்பா அண்ணனையும் துணைக்கு அனுப்பினார். அண்ணனுக்குப் பட்டியலே கிடையாது; ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். முந்தைய வாரம் கோலியனூர் பையன்களோடு கிரிக்கெட். உயரே போன பந்தைப் பிடிக்க அவனும் அவனுடைய உயிர்த்தோழனும் "நான், நான்" என்று கத்திக்கொண்டே ஓடி மோதிக்கொண்டார்கள். பந்து தரையில். இருவருக்கும் இடையே பேச்சு நின்றது.

எங்கள் பந்தும் தரையில்தான் விழுந்தது. கடைசிப் புள்ளிக்கான பந்து, எனக்கும் என் தோழிக்கும் நடுவே வந்தது.

"நீ புடிடி."

"இல்ல, நீ புடி."

தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு. எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, வேகவைத்தது, கைமாறிக்கொண்டே இருந்தது. அண்ணன் மட்டும் சொத்தைப் பறிகொடுத்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

"இந்தாங்கண்ணே. ஆடுனது நாங்க, மூஞ்சி ஏன் உங்களுக்குத் தொங்குது?" என்றாள் தோழி.

"இன்னா, அது பந்தா பந்தியா? 'நீ மொதல்ல, நீ மொதல்ல'ன்னுகினு நிக்கிறீங்க! தோத்துட்டு மல்லாட்ட வேற துன்னுகினு வரீங்க."

"ஒரு பந்துக்காக ஃப்ரெண்டோட பேசாம இருக்கீங்களே, அது மட்டும் நல்லாருக்குதா?"

டீச்சரே சிரித்துவிட்டார். பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அண்ணன், "ஜெயிச்சிருந்தா அடுத்த வாரம் திரும்பத் திண்டிவனம். தோத்தவங்களுக்கு இன்னா? வூடுதான்" என்றான்.

எங்களில் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. கையிலிருந்த மல்லாட்டையை உரிக்காமல் வைத்துக்கொண்டேன். அவனுக்கு ஞாயிறுதோறும் மேட்ச். வீட்டில் சொல்லிவிட்டுக்கூடப் போகமாட்டான். எங்களுக்கு ஆட்டம் இருந்தால்தான் பஸ்.

அடுத்த வருஷத்துப் பஸ்ஸுக்காக மறுநாளே, பள்ளி மணிக்கு முன்பே திடலில் கூடிவிட்டோம். மீண்டும் ஒரு பந்து எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது.

"நான்!" என்றேன்.

"நான்!" என்றாள்.

நெற்றியும் நெற்றியும் மோதின. பந்து தரையில் உருண்டது. வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டே இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்: "வலிக்குதாடி?"