ஏழு பத்துக்கு உள்ளே போனவர்

எங்கள் பம்பு நிலையத்தில் பதிவு எழுதும் பெண்ணுக்குப் பெயர் நிமிஷம். வைத்தவன் நான்தான். கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அண்ணே, இருபத்திரெண்டு நிமிஷம்" என்றாள்.

"ஏம்மா, நான் குடிக்கிற டீக்கும் கணக்கா?"

"டீக்கு இல்லண்ணே. நீங்க இல்லாத கேட்டுக்கு."

அன்றைக்கு ஒட்டிய பெயர். அவளுக்குக் கோபம் வரவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை ஏழு நிமிஷம், மழை பெய்தால் ஒன்பது என்று சொல்லக்கூடியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவள் வேலை சின்ன வேலைதான். எங்கள் நிலையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் இரண்டு. ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரியவை. பழுது பார்க்க ஒன்றை வற்ற வைத்துவிட்டு ஆட்களை உள்ளே அனுப்புவார்கள். உள்ளே போகிறவரின் எண், போன நேரம், வந்த நேரம் மூன்றையும் அவள் பதிவு செய்ய வேண்டும். யாரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. உள்ளே ஒருவரும் இல்லை என்று அவள் கையெழுத்துப் போடாமல் குழாயில் தண்ணீர் விடக் கூடாது.

முதலில் இதற்கு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவள்தான் அக்கா மகளிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து கம்ப்யூட்டரில் ஷீட் போட்டாள். போன நேரத்தை அடித்தால் போதும், உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று ஷீட்டே கணக்குப் போடும். எட்டு மணி நேரம் வரை அவருடைய வரி பச்சையாக இருக்கும். தாண்டினால் சிவப்பு. வெளியே வந்த நேரத்தை அடித்துவிட்டால் அந்த வரி திரையிலிருந்து மறைந்துவிடும். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். நான்கு வருஷம் அதில் ஒரு தப்பு வந்ததில்லை. அதாவது, வந்தது யாருக்கும் தெரியவில்லை.

எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மாலையில் பூட்டும் முன் திரையை எட்டிப் பார்ப்பேன். சிவப்பு இல்லையா, பூட்டு. நாளாக நாளாக, சிவப்பு இல்லை என்றால் ஆளே இல்லை என்று என் மூளை எடுத்துக்கொண்டுவிட்டது. பச்சையும் ஓர் ஆள்தான் என்பது மறந்தே போயிற்று.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நிமிஷம் பன்னிரண்டு மணிக்கே கிளம்பினாள். "அண்ணே, பூட்டறதுக்கு முன்னாடி திரையைப் பாத்துடுங்க" என்றாள். "நீ போம்மா, நான் என்ன நேத்தா வேலைக்கு வந்தேன்?" என்றேன். ஒரு மணிக்குப் பார்த்தேன். சிவப்பு இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன், குழாயின் வாயில் இருக்கும் இரும்புக் கதவைப் பூட்டினேன், வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஞாயிறு விடுமுறை.

திங்கட்கிழமை ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். எட்டரைக்கு அந்தக் குழாயில் தண்ணீர் விட வேண்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. இன்ஜினியருக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். வெல்டர்கள் மூன்று பேர் ஏழு நாற்பதுக்கு உள்ளே போய், புது வால்வு வரை பார்த்துவிட்டு எட்டு ஐந்துக்கு வெளியே வந்தார்கள். காலை அவசரத்தில், அவர்களை ஏற்றும்போது திரையில் வேறு வரி இருக்கிறதா என்று நிமிஷம் கவனிக்கவில்லை. இப்போது மூன்று வரிகளையும் முடித்தாள். திரை காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒரு வரி மிச்சம் நின்றது.

எண் பதினேழு. போன நேரம் ஏழு பத்து. உள்ளே இருக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிஷம். பச்சை.

இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தோடு அவள் தலைமேல் நின்றார். "பதினேழு யாரு?"

"கசிவு சார்" என்றேன். குழாயில் எங்கே நீர் கசிகிறது என்று தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கும் பெரியவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. வாரக் கடைசியில் பக்கத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார்.

"அவர் இன்னைக்கு லீவாச்சே. போன வாரமே எழுதிக் குடுத்துட்டார். ஏழு பத்துக்குக் கதவே திறக்கலை. யாரோ தப்பா அடிச்சிருக்காங்க. அழிச்சுட்டுக் கையெழுத்தைப் போடும்மா."

அவள் விரல் அழிக்கும் பொத்தான் வரை போனது. நான் பார்த்தேன். அங்கேயே நின்றது.

"யாரோ தப்பா அடிச்சாங்கன்னா அந்த யாரோ நான்தான் சார். வேற யாரும் இதைத் தொடறதில்ல. ஆனா ஏழு பத்துக்கு நான் பஸ்ஸுலதானே இருந்தேன்?"

"அப்ப மெஷின் கோளாறு. எட்டு பத்தாச்சு, சீக்கிரம்."

அவள் ஏழு பத்து என்று இருந்த கட்டத்தை அழுத்தினாள். இடம் அடைக்கிறது என்று கட்டத்தில் மணியை மட்டும் தெரியவைத்து, தேதியை மறைத்திருந்தாள். அழுத்தினால் திரையின் மேல் ஓரத்தில் முழுசும் தெரியும். தெரிந்தது. ஏழு பத்து, சனிக்கிழமைத் தேதி.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கதவைப் பூட்டியவன் நான்.

"சனிக்கிழமைன்னா ரெண்டு நாளாச்சே" என்றார் இன்ஜினியர். "ஐம்பத்தஞ்சு நிமிஷம்னு ஏன் காட்டுது? சிவப்பால்ல இருக்கணும்?"

நிமிஷம் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வேக வேகமாக எழுதினாள். சனி ஏழு பத்திலிருந்து திங்கள் ஏழு பத்து வரை நாற்பத்தெட்டு மணி. அதன்மேல் ஒரு மணி நேரம். காகிதத்தை இன்ஜினியர் பக்கம் திருப்பினாள்.

"இருபத்துநாலு மணி ஆனதும் இது ஒரு நாள்னு தூக்கித் தனியா வச்சுடுது சார். மிச்சத்தை மட்டும் காட்டுது. நான் மணியை மட்டும் காட்டுன்னுதான் சொல்லியிருக்கேன், நாளைக் கேக்கவே இல்ல. நிறமும் அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் மாறுது. சனிக்கிழமை மூணு பத்துக்குச் சிவப்பாகியிருக்கும். நேத்து காலையில மறுபடி பச்சை, நேத்து மூணு பத்துக்குச் சிவப்பு, இன்னைக்குக் காலையில திரும்பப் பச்சை. நாப்பத்தொன்பது மணி நேரமா உள்ள இருக்கார்."

"இருக்கார்னு எப்படிச் சொல்ற? அந்த மனுஷன் மறதி மன்னன். சொல்லாம வீட்டுக்குப் போயிட்டு, நீயே எத்தனை தடவை போன் பண்ணித் திட்டியிருக்க?"

அதுவும் நிஜம். கசிவு இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறார். அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் மகள் எண் இருந்தது. அதற்கு அடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அப்பாவா? இங்க வரலையே. போன வாரம் என் வீட்டுக்காரரோட வாக்குவாதம், கோவிச்சுக்கிட்டுப் போனார். அந்தக் கோவத்துல வரலைன்னு நெனச்சோம். ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். மணி எட்டு பதினாறு.

"வீட்டுல படுத்திருப்பார்" என்றார் இன்ஜினியர். நெற்றி வேர்த்திருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். "ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பறேன். அதுக்காகத் தண்ணியை நிறுத்த முடியாது. நீ போடலைன்னா நான் போட்டுக்கறேன் கையெழுத்து."

நிமிஷம் மேஜை போனை எடுத்தாள். வால்வைத் திறக்கும் அறைக்கு அடித்தாள். "குழாய்க்குள்ள ஆள் இருக்கு. தண்ணி விடாதீங்க" என்று தன் பெயரைச் சொல்லி, நேரத்தையும் சொல்லி வைத்தாள்.

"பாத்தியா நீ? உள்ள இருக்கறதைப் பாத்தியா?" இன்ஜினியர் கத்தினார்.

"இல்ல சார். இல்லைங்கறதை நீங்க பாத்தீங்களா?"

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'சார், நான் உள்ளே பார்க்காமல்தான் பூட்டினேன்' என்று. அது ஒன்றே போதும், அவர் அடங்கியிருப்பார். ஓய்வுக்குப் பதினோரு மாதம் பாக்கி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்ஜினியர் அவளை முறைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் படிவத்தை மேஜையில் வீசிவிட்டு வெல்டர்களைக் கூப்பிட்டார். "வால்வைத் தாண்டிப் போய்ப் பாருங்க. கிளைக் குழாயையும் விடாதீங்க." எட்டு இருபத்திரெண்டுக்கு மூவரும் உள்ளே போனார்கள். அந்த நேரத்தையும் அவள் பதிவு செய்தாள்.

பிறகு காத்திருந்தோம். குழாயின் வாயில் நின்றால் உள்ளே நடப்பவர்களின் பூட்ஸ் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்கும். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. எட்டரை ஆயிற்று. மேலிடத்துப் போன் அடித்தது. இன்ஜினியர் எடுக்கவில்லை. எட்டு நாற்பது. நிமிஷம் கதவின் விளிம்பைப் பிடித்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என்னிடம், "அண்ணே, மணி என்ன?" என்று கேட்டாள். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறாள், அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

எட்டு நாற்பத்தொன்றுக்கு உள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது. என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது.

"உசிரோட இருக்கார்!"

நிமிஷம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸுக்கு இன்ஜினியர்தான் போன் செய்தார்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு அவரை வெளியே தூக்கி வந்தார்கள். கிளைக் குழாயில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்திருந்தது. டார்ச்சும் போனும் நொறுங்கிவிட்டன. இருட்டில் திசை தெரியாமல் எதிர்ப்பக்கமாகத் தவழ்ந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல், "நிமிஷம் இருக்காளா?" என்றார்.

"இருக்கேன் பெரியவரே."

"அங்க ஒரு கசிவு இருக்கும்மா. ரெண்டாவது இணைப்புல. அடைக்கலாம்னுதான் போனேன். அதை நக்கி நக்கித்தான் கெடந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கத்திக் கத்திப் பாத்தேன். யாராவது கதவைத் தட்டினா கேக்கும்னு பாத்தேன். பூட்டற சத்தம்தான் கேட்டுச்சு."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் பூட்டினார்கள் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அவர் அங்கே கத்திக்கொண்டிருந்தபோது நான் சாவியைச் சுழற்றிக்கொண்டு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் போனதும் மூன்று பேரும் மேஜைக்குத் திரும்பினோம். நிமிஷம் பதினேழாம் எண்ணுக்கு எதிரே வெளியே வந்த நேரத்தை அடித்தாள். ஷீட் உடனே கணக்குப் போட்டது. ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிஷம். பச்சை.

இன்ஜினியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அப்படியே விட்டுடேன். நாம எதையும் மாத்தலை. மெஷினே போட்ட கணக்கு. காலையில போனார், விழுந்தார், ரெண்டு மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டோம். பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன். உனக்கும் நல்லது, இவருக்கும் நல்லது."

இவர் என்றது என்னை. அவருக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை பூட்டியது யார் என்று யோசிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? என் நெஞ்சு, அந்தப் பாழாய்ப்போன நெஞ்சு, ஆமாம் ஆமாம் என்றது.

நிமிஷம் அந்தக் கட்டத்தை அழுத்தி, நேரம் காட்டும் முறையை மாற்றினாள். நிறம் பார்க்கும் ஃபார்முலாவையும் அழித்து வேறொன்று அடித்தாள். ஒரு நொடி. நாற்பத்தொன்பது மணி நாற்பத்தெட்டு நிமிஷம் என்று வந்தது. வரி முழுக்கச் சிவப்பு.

பக்கத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் அடித்தாள்: 'ஷீட்டின் கணக்கில் தவறு இருந்தது. அதைப் போட்டவள் நான். சனிக்கிழமை, கதவைப் பூட்டும் முன்பே, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.' முடித்ததும் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தாள். கதவைப் பூட்டியவர் என்று தலைப்பு. அது எப்போதும் காலியாகவே கிடக்கும், எனக்குத் தட்டச்சு வராது என்பதால்.

"நீ வேலையை இழக்கப்போற" என்றார் இன்ஜினியர்.

"போகட்டும் சார்." "நாப்பத்தெட்டு மணி நேரத்தை நான் அவர்கிட்டேர்ந்து எடுத்துட்டேன். இந்தப் பதிவுலேர்ந்தும் எடுக்க மாட்டேன்."

என்னைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, கீபோர்டை எனக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள்.

நான் உட்கார்ந்தேன். எழுத்துகளை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடினேன். என் பெயர். பிறகு, 'திரையில் சிவப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டுப் பார்க்காமல் பூட்டினேன்.' நடுவே ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்தேன். மறுபடி அடித்தேன். மேஜை போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று அவள் சொல்லவில்லை.