உருண்டையின் கள்ளத் தூக்கம்

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று ஊரில் சொல்வார்கள். எக்ஸ்ரே அம்மா அதை ஒப்புக்கொள்ள மாட்டார். முப்பத்தோரு வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட் வாங்காதவன் அவரைக் கண்டதும் சன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். அம்மா தொடமாட்டார், கூப்பிடவும் மாட்டார். பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பார். கள்ளத் தூக்கம் அரை நிமிஷம்கூடத் தாங்காது, இமை துடித்துவிடும். எக்ஸ்ரே என்பது நடத்துநர்கள் வைத்த பட்டம். மரியாதையாகத்தான் வைத்தோம் என்றார்கள். அதையும் அவர் நம்பவில்லை.

ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்தபோது சந்தேகமும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தது. குழாய் சரிசெய்ய வந்தவர் கிளம்பும்வரை அம்மா அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். மருமகள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிப்பார். மருமகளின் நாய் உருண்டையை முதல் நாளே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. மூக்கு இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டது போல ஒரு தட்டை மூஞ்சி. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க அவரும் அதுவும்தான்.

உருண்டை தூங்கும் விதமே சரியில்லை. உட்கார்ந்தபடி தூங்கும். முகவாயைத் தூக்கி நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொள்ளும். மேடேறும் லாரி மாதிரிக் குறட்டை விடும். நடுவில் சத்தம் நின்றுபோகும். பிறகு ஓர் உலுக்கலோடு கண்ணைத் திறந்து அம்மாவையே பார்க்கும்.

“என்னை வேவு பாக்கறியா? நான் எந்த டப்பாவைத் தொறக்கறேன்னு பாக்கத்தானே இந்த நடிப்பு?” என்பார் அம்மா. மூன்று மாதமாக இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் கட்டடத்துக்கு வெளியே சாரம் கட்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சன்னலுக்கு நேரே ஓர் ஆள் நின்றால் அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? அத்தனை சன்னலையும் சாத்தித் திரையை இழுத்துவிட்டார். மின்விசிறிக் காற்றில் திரை விலகி இடுக்கு தெரிந்தது. விசிறியையும் நிறுத்தினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அறைக்குள் புழுங்கியது. தனக்கு வியர்த்ததை அவர் பொருட்படுத்தவில்லை. நாய்க்கு வியர்க்காது என்பது வசதியாகப் போயிற்று.

மூன்று மணிக்குக் குறட்டை நின்றது. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அம்மா போய்ப் பக்கத்தில் நின்றார். சுவர்க் கடிகாரத்தையும் இமையையும் மாறி மாறிப் பார்த்தார். இமை அசையவில்லை. ஆனால் வயிறு உள்ளே ஒட்டி இழுத்தது, விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது, காற்று மட்டும் போகவில்லை. பன்னிரண்டு வினாடி. பிறகு பெரிய கேவலோடு வாயைத் திறந்தது. நாக்கு நாவல்பழ நிறத்தில் இருந்தது. காதைத் தொட்டார், சுட்டது. நடிக்கிறவன் மூச்சை அடக்குவான், மூச்சுக்குத் தவிக்கமாட்டான். அம்மா ஓடிப்போய் ஃபோனை எடுத்தார்.

குளிர்சாதனப் பெட்டி மேல் மருமகள் ஒட்டியிருந்த எண்ணில் கால்நடை மருத்துவர் பேசினார். “வயித்துலயும் பாதத்துலயும் சாதாரணத் தண்ணி ஊத்துங்கம்மா. ஐஸ் வேணாம். விசிறியைப் போடுங்க. அஞ்சு நிமிஷம் பாத்துட்டு உடனே கூட்டிட்டு வாங்க. வழியிலயும் காத்து படட்டும்.”

அம்மா தண்ணீரை ஊற்றி விசிறியைப் போட்டார். ஐந்து நிமிஷம் கழித்துச் சன்னலைத் திறந்து பெயின்டரைத்தான் கூப்பிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மனிதர் சாரத்திலிருந்து இறங்கி வந்து நாயைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். அம்மா பின்னால் செய்தித்தாளால் விசிறிக்கொண்டே ஓடினார்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துக் கால் மணி கழித்து நாக்கு மெல்லச் சிவந்தது. அதற்குள் மருமகளும் வந்துவிட்டாள்.

“மூக்குத் துவாரம் வெறும் கீறலாத்தான் இருக்கு. தொண்டையிலும் சதை அடைக்குது,” என்றார் மருத்துவர். “படுத்தா மூச்சு நிக்கும். அதான் உக்காந்து, முகவாயைத் தூக்கி வெச்சுத் தூங்குது. வெயில் வேற சேர்ந்தா தாங்காது. ஆபரேஷன் பண்ணலாம். தூக்கத்துல இப்படி நின்னு நின்னு வர்றதை எப்பலேர்ந்து பாக்கறீங்க?”

எத்தனையோ பேருடைய சாக்குப்போக்கைக் கேட்டுப் பழகியவர் அம்மா. ஒன்றையும் எடுத்து உபயோகிக்கவில்லை.

“மூணு மாசமா. நடிக்குதுன்னு நெனச்சேன். இன்னிக்கு சன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்துனதும் நான்தான்.”

மருமகள் திட்டப்போகிறாள் என்று அம்மா தலைகுனிந்து நின்றார். அவள் நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா நானும் பாக்கறேன் அத்தை. அது குறட்டை விடறதை ஃபோன்ல எடுத்து ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சிருக்கேன். உங்களுக்கு வந்த மாதிரி எனக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரலியே.”

அம்மாவுக்கு அழுகை வந்தது.