கொடுக்காத கவுன்

மகளுக்குக் கிறிஸ்துமஸ் கவுன் எடுக்கப்போன கடையில், புதுத்துணி வாசனை என்னைச் சுனாமி வந்த நாளுக்கு இழுத்துப்போனது. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா புதுச்சேரியில் ஒரு தேவாலயத்தில் முப்பது வருடம் கோயில்பிள்ளையாக இருந்தவர். பூசைக்கு மணி அடிப்பார், இறந்தவர்களை அடக்கத்துக்குத் தயார் செய்வார்.

அன்று மதியம் ஈரவேட்டியோடு வந்து நின்றார்.

"உன் புதுக் கவுனக் குடும்மா. கடல் அடிச்சிக் கரையில ஒதுக்குன புள்ளைக்கு உன் வயசுதான். அடக்கம் பண்ண ஒடம்புல போடத் துணியில்ல."

"குடுக்கமாட்டேன்" என்று கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பா திட்டவில்லை. அம்மா பீரோவைத் திறந்து தன் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்தாள்.

மாலையில் திரும்பியவர் என் பாதங்களைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "இதே மாரி சின்னக் காலும்மா" என்றார்.

அப்பா இப்போது இல்லை. அன்று கொடுத்திருக்கலாம் என்று அவரிடம் ஒருமுறைகூட நான் சொல்லவில்லை.