மாப்பிள்ளைக்கு ஏற்ற மூட்டு

இருபத்தொன்பது வயதிலேயே என் மகளுக்கு இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. முடக்குவாதம் அவற்றைத் தின்றுவிட்டது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில், செயற்கை மூட்டு வகைகளை மேசையில் பரப்பிய ஆலோசகர் என்னிடம் மட்டுமே பேசினார்.

“நோடிம்மா, இதப் பாருங்க, நல்லா மடங்கும். நாளைக்கு மணையில உக்காரணுமில்ல? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே தெரியாது.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் மகள் கேட்டாள்: “மூட்டு எனக்கா சார், மாப்பிள்ளைக்கா? தினம் பஸ் ஏறி ஆபீஸ் போறவ நான். எது ரொம்ப வருஷம் உழைக்கும்?”

அவர் என்னைப் பார்த்தே சிரித்தார். “பொண்ணுக்கு வாய் ஜோரு!”

“அவ கேட்டதுக்கு அவகிட்ட பதில் சொல்லுங்க!” என்று கத்திவிட்டேன். அப்போதுதான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

உழைக்கும் மூட்டையே அவள் தேர்ந்தெடுத்தாள். இன்று பெங்களூரில் எங்கள் பகுதியான ஆஸ்டின் டவுனில் தானே பஸ் ஏறுகிறாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குத்தான் இன்னும் ஆத்திரம் பொங்குகிறது.