பெடலை உடைத்த போர்மேன்

எங்கள் பிரஸ் ஷாப் போர்மேனுக்குச் சம்மட்டி என்று பட்டப்பெயர். வாய் திறக்கும் முன்னே கை நீண்டுவிடும். கொரோனா காலத்தில் அந்தக் கை இன்னும் நீண்டது. மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கியவன் பிடரியில் பளாரென்று விழும்.

"சாவணும்னா வீட்ல போய்ச் சாவு. இங்க நாப்பது பேர் இருக்கான்."

அவர் தம்பி மூச்சு முட்டிச் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதனால் எல்லோரும் வாங்கிக்கொண்டோம்.

தகரத்தை அச்சில் வைப்பவன் என் மச்சான். பெடல் மிதிப்பவன் நான். ஒரு மிதிக்கு நாற்பது டன் இறங்கும், டப்பா மூடி விழும். அந்த இரைச்சலில் காது எதற்கும் உதவாது. பதினாறு வருஷமாக அவன் உதட்டைப் பார்த்துத்தான் மிதித்தேன். மாஸ்க் வந்த பிறகு கண்ணைப் பார்த்து மிதித்தேன்.

அன்றைக்கு அவன் கையுறை தகரத்தில் மாட்டிக்கொண்டது. 'நிறுத்து' என்று மாஸ்க்குக்குள்ளேயே கத்தியிருக்கிறான். கண் விரிந்தது. சரி என்கிறான் என்று நினைத்து மிதித்துவிட்டேன்.

மூன்று விரல். அச்சிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் போர்மேன் முன்னால் போய் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தேன்.

"உன் மாஸ்க்தான்யா அவன் விரலைத் தின்னுச்சு!"

முதல் அடி என்னுடையது. பிறகு ஆளாளுக்கு விழுந்தார்கள். ஒருத்தன் இரும்புக் குழாயால் முதுகில் போட்டான். மனுஷன் திருப்பிக் கை ஓங்கவே இல்லை. எழுந்து, ரத்தத்தோடு இரண்டு பல்லைத் துப்பினார்.

"அடிச்சு முடிச்சாச்சா? மாஸ்க்கை மாட்டுங்கடா."

"மாட்டினா அடுத்தது யார் விரலு?" என்றேன்.

மூலையில் கிடந்த நிஜச் சம்மட்டியைத் தூக்கினார். என் மிஷின் பெடல் மூன்றே அடியில் தெறித்தது. அடுத்த மிஷின். அதற்கடுத்தது. ஆறையும் நொறுக்கிய பிறகுதான் நின்றார்.

முதலாளி ஓடி வந்தார். "பைத்தியமாடா உனக்கு? உன் வேலை போச்சுடா!"

"போகட்டும். ரெண்டு பட்டன் வைங்க முதலாளி. தகரம் வைக்கிறவனே ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் மிஷின் இறங்கணும். கை பட்டன்ல இருக்கிறப்ப அச்சுக்குள்ள எப்படிப் போகும்? மிதிக்க ஆளும் வேண்டாம். மூச்சுக்கு மூச்சு ஒட்டிக்கிட்டு நிக்கவும் வேண்டாம்."

"பிடிங்கடா இவனை!"

யாரும் அசையவில்லை. நான் மேஜையிலிருந்து புது மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். புதுப் பெடல் மாட்டினாலும் மிதிக்க யாரும் வரமாட்டோம் என்று முதலாளிக்கும் தெரிந்துவிட்டது.

பட்டன் வந்தது. போர்மேனை மட்டும் உள்ளே விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மச்சான் வந்தான். மிச்ச இரண்டு விரலால் இடது பட்டனை அமுக்கிப் பார்த்தான். வலதையும் சேர்த்து அமுக்கினான். மூடி விழுந்தது.

"தள்ளியே நில்லு மாமா," என்றான். ஆறடி தள்ளி நின்று மூடி அடுக்கினேன்.