ஒரு பிடி பழைய மாவு

சட்டியின் மூடியைத் தூக்கியதும் முதலில் மூக்கைக் குத்துவது புளிப்பு வாடை. அதற்கடியில் கனிந்த வாழைப்பழத்தின் வாடை. இன்னும் குனிந்தால் லேசாகக் கள் வாடை. மூன்றும் இந்த வரிசையில் வந்தால் மாவு உயிரோடிருக்கிறது என்று அம்மா சொல்வாள். அந்தச் சித்திரை முழுக்க, விடிந்ததும் என் முதல் வேலை சட்டியைத் திறந்து மூன்று முறை மோந்து பார்ப்பதுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற ஆலையில் வேலை பார்த்த என் நைனாவுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து, பத்தொன்பது நாள் கழித்து இறங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நாப்பது நாளைக்குச் சோத்தைக் கண்ணுல காட்டாத. ரொட்டியும் பாலும்தான். மீறினா குடல் பொத்துக்கும், அப்புறம் என்கிட்ட தூக்கினு வராத." ரொட்டி திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து கடைவீதியில் ஒரே ஒரு கடையில் இறங்கும், வாரத்துக்கு இரண்டு நாள்தான், பாதி பச்சைப் பூசணத்தோடு. அதைத் தின்று நைனா இரண்டு முறை வாந்தி எடுத்ததும், கல்யாணத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலறையில் ஆறு வருஷம் வேலை செய்த அம்மா, "நானே சுடுறேன்" என்று எழுந்தாள். அண்டாவில் மூன்று விரல் உயரம் மணல் பரப்பி, மூடிமேல் தணல் கொட்டினால் அதுதான் எங்கள் ரொட்டி அடுப்பு.

அடுப்பு கிடைத்தது, மாவைப் பொங்கவைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மதுவிலக்குக் காலம் அது. பனமலைப் பக்கத்துப் பனையேறி ஒருவர், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய கள்ளை மருந்துக்கென்று ஒரு லோட்டா கொடுத்தார். அந்தக் "கள்ளு மாவு" நான்கே மணி நேரத்தில் எழும்பியது. அதைப் போல் மெத்தென்ற ரொட்டியை நான் பிறகு தின்றதில்லை. மறு வாரமே போலீஸ் வந்து அவர் கலயங்களை உடைத்தது. அவர் குடிசையைப் பூட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு இருந்தது "பழைய மாவு" ஒன்றுதான். தினமும் பிசைந்ததில், உப்புப் போடுவதற்கு முன்னால், ஒரு பிடியை எடுத்து அம்மா சட்டியில் வைப்பாள். அதை அப்படியே சேர்த்தால் ரொட்டி புளித்தது, நைனா முகத்தைச் சுளித்தார். அதனால் சாயங்காலமே அந்தப் பிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மைதா போட்டு, தோசை மாவு பதத்தில் "தண்ணி மாவு" வைக்க ஆரம்பித்தாள். "கட்டியா இருந்தா அதுக்குக் கோவம் ஜாஸ்தி. தண்ணியா வச்சா சாந்தமாயிடும்" என்பாள். பாறைகள் அனல் கக்கும் அந்த மாதத்தில் அது எட்டு மணி நேரத்தில் நுரைத்துவிடும். என் உள்ளங்கை அகலத்துக்குள் நாற்பது குமிழ் எண்ணினால் பிசையலாம் என்பது நானே போட்டுக்கொண்ட கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு ரொட்டி.

இருபத்தேழாம் நாள் அம்மா மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நைனா மத்தியானத்துக்குள் நான்கையும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்குதாடா?" என்றார். இருபத்தேழு நாளில் அவராக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. மணல் இன்னும் சூடாக இருந்தது. சட்டியிலிருந்த பிடியை எடுத்து உப்புப் போட்டு உருட்டி, மணல்மேல் தட்டில் வைத்துச் சுட்டுக் கொடுத்தேன். புளிப்பைக்கூடப் பொருட்படுத்தாமல் தின்றார். "உங்கம்மாவைவிட நல்லா சுடுறியே. உனக்குப் பொண்டாட்டியே வேணாம் போ" என்று சிரித்தார்.

அம்மா வந்து சட்டியைத் திறந்தாள். "மாவு எங்கடா?"

"நைனா இன்னொண்ணு கேட்டாரு."

ஓங்கிய கையை அப்படியே இறக்கித் தன் வாயில் பொத்திக்கொண்டாள்.

கடையில் அந்த வாரம் ரொட்டியே இறங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செட்டியாரம்மா, "இட்லி மாவு பொங்கலையா? இதுவும் பொங்கும்டி, எடுத்துனு போ" என்று ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். ரொட்டி கல்லாக வந்தது. உளுந்து வேறு குடலை என்ன செய்யுமோ என்று அம்மா அதைத் தூக்கி எறிந்தாள். வெறும் மைதாவைக் கரைத்து வைத்தால் பொங்க ஐந்து நாளாகும். கடைசியில், சட்டியின் உள்விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த பொருக்கை நகத்தால் சுரண்டி, கால் ஸ்பூன்கூட இருக்காது, வெந்நீரை ஆறவிட்டு அதில் கரைத்து, அரைப் பிடி மாவு சேர்த்து, "சேசுவே" என்று மூடிவைத்தாள்.

இரண்டு நாள் நைனாவுக்குப் பாலும் பார்லித் தண்ணீரும்தான். காய்ச்சல் விட்ட உடம்பின் பசி எப்படிப்பட்டது என்று அன்றுதான் கண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம், கள் கிடைக்குமா என்று வல்லம் பக்கம் கிளம்பிய அம்மா, "சோத்துப் பானையத் தொடவுட்டுடாத. தொட்டா உங்க நைனா உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெரு தாண்டியதும் ஆரம்பித்தார். "ஒரு கை சோறு போடுடா. கரைச்சுக் குடிச்சுக்கிறேன். அவகிட்ட சொல்லமாட்டேன்." நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். பாயிலிருந்து தவழ்ந்து வந்து கதவைத் தட்டினார். "முந்தாநேத்து ஆசையா சுட்டுக் குடுத்தியே, இப்ப இன்னாடா வந்துச்சு உனக்கு?" பிறகு, "பாவி, எமனாடா நீ?" பிறகு அழுதார். காதைப் பொத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். நானூற்றுப் பதினேழில் சத்தம் நின்றது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போதும் கதவைத் திறக்கவில்லை.

அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். மறுநாள் விடியலில் அந்தப் பொருக்கு மாவில் பதினொரு குமிழ் இருந்தது. சாயங்காலம் ஒரு ரொட்டி வெந்தது. நைனா சுவரைப் பார்த்தபடி அம்மா கையால் தின்றார். அதன் பிறகு இருபத்தெட்டு வருஷம் உயிரோடிருந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி பரிமாறினால் இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்வார். நான் கரண்டியை நீட்டினால் தட்டின்மேல் கையை வைத்து மூடிவிடுவார்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மட்டும் ஆறு பேக்கரி எண்ணினேன். பொட்டல ஈஸ்ட் மளிகைக் கடையிலேயே தொங்குகிறது. போன மாதம் என் பேரனுக்கு டைபாய்டு வந்தது. ரொட்டி எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "ரொட்டி எதுக்கு ஐயா? குழைஞ்ச சோறு குடுங்க, கேக்குற அளவுக்குக் குடுங்க" என்றது அந்தச் சின்ன வயது டாக்டர் பெண். குடல் பொத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய காலத்துப் பயம். சோத்தால ஒண்ணும் ஆகாது" என்றது. நம்பாமல் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னது.

அன்று அந்தக் கதவுக்கு உள்ளே, எனக்கு எட்டும் தூரத்தில், அம்மா அவசரத்தில் குழைய விட்டுவிட்ட சோறு பானையில் இருந்தது. மூன்று கை இருக்கும்.