உரம் போட்ட கையோடு விமான நிலையம்

குறுவைக்கு மேலுரம் போடுகிற சமயத்தில்தான் அந்த முறை கீழ்வேளூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். தங்கை கல்யாணத்துக்காக விடுப்பை இழுத்தடித்து, ஊர் வந்த ஆறாவது மாதத்தின் கடைசி நாளைத் தொட்டிருந்தேன். நான் வேலை பார்க்கிற ஷார்ஜாவை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது; அன்று அங்கே இறங்காவிட்டால் விசா போச்சு, வேலையும் போச்சு.

அப்படிப்பட்ட நாளில் யாராவது வயலுக்குப் போவார்களா? நான் போனேன். உரம் தெளிக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம்தான். ஆனால் குத்தகைச் சாகுபடிதாரராகப் பதிவு வாங்க மிராசுதாரோடு பத்து வருஷம் மல்லுக்கு நின்று அப்பா காப்பாற்றியது. பாதியில் விட்டுப்போக மனசு வரவில்லை. நானே தெளித்துவிட்டு, வாய்க்காலில் கையை நனைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். சோப்புப் போடச் சொல்லி மனைவி செல்வி கத்தியதை நான் சட்டை பண்ணவில்லை.

வாடகைக் கார் 3,500 ரூபாய். திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒன்பதுக்குக் கிளம்பி, தஞ்சாவூரில் டீ குடித்து, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். விமானம் மூன்று பத்துக்கு.

பாதுகாப்புச் சோதனையில் ஓர் அதிகாரி என் உள்ளங்கையில் சின்னத் துணிப்பட்டையைத் தேய்த்து ஒரு பெட்டிக்குள் செருகினார். வெடிமருந்து வாடை பிடிக்கிற எலக்ட்ரானிக் மூக்காம் அது. சிவப்பு விளக்கு எரிந்து அது கத்தியது.

“காலையில என்ன தொட்டீங்க?”

“ஒண்ணுமில்லைங்க சார்.” பயத்தில் வந்த பொய். மறுபடி தேய்த்தார், மறுபடி கத்தியது. தனியறைக்குக் கூட்டிப்போனார்கள். மணி இரண்டேகால்.

“வயலுக்கு உரம் போட்டேன் சார்,” என்றேன்.

“இப்பதானே ஒண்ணுமில்லைன்னீங்க? வீட்டுக்குப் போன் போடுங்க, ஸ்பீக்கர்ல. நீங்க வாயே திறக்கக் கூடாது.”

எடுத்ததுமே செல்வி பிடித்துக்கொண்டாள். “போய்ச் சேந்துட்டீங்களா? கையைக் கழுவுனீங்களா இல்லையா? உர நாத்தத்தோட பிளேன்ல ஏறுனா பக்கத்து சீட்டுக்காரன் என்ன நெனைப்பான்? வரப்போரம் கூடையோட கொட்டிட்டுப் போயிருக்கீங்க, பயிரு கருகிடும். நான்தான் எறங்கிக் கையால கலைச்சு விட்டுட்டு வர்றேன்!”

அதிகாரி சிரித்துவிட்டார். “நமக்கும் பூதலூருங்க, விவசாயக் குடும்பம்தான். சில உரத்துக்கு இது கத்தும். மொதல்லயே சொல்றதுக்கென்ன?” பையைக் கொட்டிப் பார்த்தார்கள், சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள், மறுபடி சோதித்தார்கள். கடைசி ஆளாக விமானத்தில் ஏறினேன்.

வயலிலிருந்து நேரே விமானம் ஏறுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நகக்கண் வரை சோப்புப் போடுங்கள். உரம் ஏற்றிய வண்டியில் பையை வைக்காதீர்கள். பெட்டி கத்திவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்ப ஷார்ஜாவில் வரிசையில் நின்றேன். அதே மாதிரி துணி, அதே மாதிரி பெட்டி. பெட்டி கத்தவில்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். ஓரமாக நின்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். வெறும் சோப்பு வாசம்; வயல் வாசம் துளியும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.